எனக்கு எந்த வேலை சரிவரும்? – வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை திருகோணமலை மாவட்டத்தவை. பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

ஓ.எல். பெறுபேறு வந்துவிட்டது. கணிதம், விஞ்ஞானம், சித்திரம் மூன்றிலும் 'ஏ'. அப்பா 'பயோ' எடுக்கச் சொல்கிறார், அண்ணா 'மெத்ஸ்' என்கிறார், சித்திர ரீச்சர் கலைப் பிரிவுக்கு வரச் சொல்கிறா. "உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை. "உன்னை நீ அறிந்து முடிவெடு" என்கிறார்கள். அதை எப்படிச் செய்வது?
– மாணவி, உப்புவெளி

விருப்பம் தெரியாமல் இருப்பதில் குறை ஒன்றும் இல்லை, தங்கச்சி. அதை யோசித்தே கண்டுபிடிக்கப் பார்க்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். முகட்டைப் பார்த்துக்கொண்டு "எனக்கு என்ன பிடிக்கும்" என்று கிடந்தால், கடைசியாக யார் பேசினாரோ அவருடைய குரல்தான் காதில் கேட்கும். மனம் சொல்வதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கை என்ன செய்கிறது என்று மூன்று கிழமைக்குக் கணக்கு வையுங்கள்.

ஒரு 80 பக்கக் கொப்பி போதும். 21 நாள், ஒவ்வொரு இரவும் படுக்கப் போக முன் 10 நிமிடம். பக்கத்தை நான்காகப் பிரித்துக் கோடு போடுங்கள்: என்ன செய்தேன், எவ்வளவு நேரம், யார் தொடக்கியது, முடித்தபோது உடம்பும் மனமும் எப்படி இருந்தது. கடைசிப் பத்தியில் வசனம் வேண்டாம். இன்னும் செய்யலாம் போலிருந்தால் +, அலுத்துப் போயிருந்தால் −, ஒன்றும் இல்லையென்றால் 0.

முதல் பத்தியில் பாடத்தின் பெயரை எழுதாதீர்கள். "விஞ்ஞானம் படித்தேன்" என்று எழுதினால் அதில் ஒன்றும் இல்லை. வினைச்சொல்லாக எழுதுங்கள்: கீறினேன், அடுக்கினேன், விளங்கப்படுத்தினேன், பிழை தேடினேன், விலை பேசினேன். ஒரு பக்கம் இப்படி இருக்கலாம்:

செவ்வாய். நண்பிக்குச் செவ்வரத்தம் பூவின் நெடுக்குவெட்டுப் படம் கீறிக் கொடுத்தேன் / 1 மணி 20 நிமிடம் / அவள் கேட்டாள் / +
தம்பிக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன் / 25 நிமிடம் / அம்மா சொன்னா / −
அலுமாரியில் பழைய கொப்பிகளை வருட வாரியாக அடுக்கினேன் / 50 நிமிடம் / நானாக / +

இதில் முதல் வரியைப் பார்த்ததும் "ஆ, சித்திரம்தான்" என்று துள்ளிவிடக் கூடாது. அந்த 80 நிமிடம் எங்கே போனது என்று பாருங்கள். பூவைக் கீற 30 நிமிடம், மிச்ச 50 நிமிடமும் பெயர்க் கோடுகளை ஒரே நேராக இழுக்கவும் எழுத்தை ஒரே அளவில் எழுதவும் போயிருந்தால், உங்களுக்குப் பிடித்தது கற்பனை அல்ல, துல்லியம். கொப்பி அடுக்கிய மூன்றாவது வரியும் அதையே சொல்கிறது. துல்லியத்தை விரும்பும் கைக்கு ஆய்வுகூடம், கட்டடப் படவரைஞர் வேலை, நில அளவை, கதிர்ப்படத் தொழில்நுட்பம், கணக்காய்வு எல்லாம் இடம் கொடுக்கும். மாறாக, பூவின் இதழில் கேட்காமலே ஒரு வண்டையும் கீறிவிட்டுப் பெயர் குறிக்க மறந்திருந்தால் கதை வேறு. அப்போது ரீச்சர் சொல்வதை ஒருக்கால் கவனமாகக் கேட்கத்தான் வேண்டும்.

21 நாள் முடிந்ததும் ஒரு சிவப்புப் பேனையால் வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். "நானாக" என்றும் "+" என்றும் இரண்டும் சேர்ந்து ஆறு தரத்துக்கு மேல் வரும் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழக்கமாக இரண்டு அல்லது மூன்று சொல்தான் மிஞ்சும்.

இந்தக் கணக்குப் பிழைத்துப் போகும் வழிகளும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் ஒன்றாக எழுதினால், ஞாபகம் தனக்குப் பிடித்த சாயத்தைப் பூசிவிடும். அப்பா பார்ப்பார் என்று தெரிந்து எழுதினால் அது அவருக்கு எழுதிய கடிதம்; கொப்பியை மறைத்து வையுங்கள். கைபேசியில் மற்றவர் செய்வதைப் பார்த்த நேரத்துக்கு + போடாதீர்கள், சமையல் வீடியோ பார்ப்பது சமைப்பது ஆகாது. எல்லாவற்றிலும் மோசமானது, பாராட்டுக் கிடைத்த சந்தோசத்தைச் செய்த வேலையின் சந்தோசமாக எடுத்துக்கொள்வது. கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் நடக்கும். யாரும் பார்க்காத நாளில் செய்த வேலைக்கு என்ன குறி விழுந்தது என்று தனியாகப் பார்த்தால் பிடிபடும்.

இனி ஏ.எல். அப்பாவும் அண்ணாவும் ஏதோ வெவ்வேறு உலகத்துக்கு உங்களை இழுப்பது போலத் தோன்றும். உண்மையில் அவர்கள் சண்டை பிடிப்பது ஒரே ஒரு பாடத்துக்காக. இரசாயனவியலும் பௌதிகவியலும் இரண்டு பக்கமும் உண்டு. உயிரியலா, இணைந்த கணிதமா என்பதுதான் கேள்வி. அதைச் சோதித்துப் பார்க்கலாம். மேல் வகுப்பு அக்கா ஒருவரிடம் 12ஆம் ஆண்டுக் குறிப்புகளை இரவல் வாங்குங்கள். மூன்று பின்னேரம் உயிரியல், மூன்று பின்னேரம் இணைந்த கணிதம், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மணிக்கூட்டை முதல் தரம் எத்தனையாவது நிமிடத்தில் நிமிர்ந்து பார்த்தீர்கள் என்று குறியுங்கள். விளங்கியதா என்பதை விட்டுவிடுங்கள், முதல் கிழமையில் இரண்டும் விளங்காது. உயிரியல் பெரும்பகுதி வாசித்து, நினைவில் அடுக்கி, படத்தோடு ஒழுங்காக எழுதுவது. இணைந்த கணிதம் விடை வராத கணக்கோடு ஒரு மணித்தியாலம் கோபப்படாமல் இருப்பது. எந்த அலுப்பை உங்களால் தாங்க முடிகிறது என்பதே பதில்.

மூடும் கதவையும் பாருங்கள். கலைப் பிரிவு எடுத்தால் மருத்துவமும் பொறியியலும் மூடிவிடும். விஞ்ஞானப் பிரிவு எடுத்தவருக்குச் சட்டபீடக் கதவு மூடுவதில்லை. கட்டடக்கலைக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகம் தனியாக உளச்சார்புப் பரீட்சை வைக்கிறது. காண்பியக் கலையை முழுநேரமாகப் படிக்க மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. எந்தப் பாடநெறிக்கு எந்தப் பாடச் சேர்க்கை வேண்டும் என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் பாருங்கள். அதைப் பெறுபேறு வந்த பிறகல்ல, பாடம் தெரிவு செய்ய முன் பார்க்க வேண்டும். இங்கே அநேகர் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

சாதகத்தில் பத்தாம் வீட்டைப் பார்த்து "அரச உத்தியோகம்" என்று சொல்லியிருக்கிறார்கள். நம்பலாமா?
– தம்பலகாமம்

அரச உத்தியோகத்துக்கு விண்ணப்பப் படிவம், வயதெல்லை, போட்டிப் பரீட்சை மூன்றும் உண்டு. வர்த்தமானியை வெள்ளிக்கிழமை தோறும் பாருங்கள். பத்தாம் வீடு தன் வேலையை அது பார்க்கட்டும்.

மகன் ஏ.எல். வர்த்தகம் படிக்கிறார். பின்னேரம் ஆனால் மாமாவின் படகு எஞ்சினோடுதான் கிடப்பார். கையில் எண்ணெய்க் கறையோடுதான் சாப்பிட வருவார். கந்தோர் உத்தியோகம் பார்க்க வேண்டும் என்பது எங்கள் ஆசை. இது வெறும் பொழுதுபோக்கா, தொழிலாக வருமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், மூதூர்

மகனிடம் கேட்காதீர்கள் அம்மா, "பிடிக்கும்" என்றுதான் சொல்வார். ஒரு மாதம் பேசாமல் பாருங்கள். பார்க்க வேண்டியது மூன்று.

எஞ்சின் ஸ்டார்ட் ஆகாத நாளில் என்ன செய்கிறார்? பொழுதுபோக்குக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கைக்குக் கிடைத்த உதிரிப் பாகத்தை மாற்றுவார். தொழிலுக்கு உரியவர் ஒரு ஒழுங்கில் போவார். முதலில் எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, பிறகு குழாயில் உள்ள கைப்பம்பு அமத்தும்போது இறுகுகிறதா, அடுத்தது பிளக்கைக் கழற்றி நுனி ஈரமா, காய்ந்திருக்கிறதா. காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை, காபரேட்டர் பக்கம் போக வேண்டும். ஈரமாக இருந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறிப் பக்கம் பார்க்க வேண்டும். இந்த ஒழுங்கு ஒருவருக்குத் தானாக வந்திருந்தால், அல்லது ஒரு தரம் காட்டியதும் பிடித்துக்கொண்டிருந்தால், அது சின்னக் குணம் அல்ல. நோயாளியைப் பார்க்கும் வைத்தியரும் இதைத்தான் செய்கிறார்.

இரண்டாவது, பகட்டில்லாத வேலை. கடலால் வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஓடவிட்டு உப்புக் கழுவுவது, கிறீஸ் பூசுவது, டூ ஸ்ட்ரோக் எண்ணெயை 50க்கு 1 என்று சொன்னால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர் என்று கண்ணளவு இல்லாமல் அளந்து ஊற்றுவது. இதையெல்லாம் மாமா சொல்லாமலே செய்கிறாரா? ஒவ்வொரு தொழிலிலும் பாதி இப்படித்தான் இருக்கும். மற்றப் பாதி எல்லோருக்கும் பிடிக்கும்.

மூன்றாவது, சொந்தக்காரர் அல்லாத ஒருவரின் எஞ்சினை, சொன்ன நாளில் திருப்பிக் கொடுக்கிறாரா? இதில் தவறுகிறவர்கள் நல்ல மெக்கானிக்காக இருந்தும் கடை நடத்த முடியாமல் போகிறார்கள்.

மூன்றும் சரியென்றால், ஏ.எல். பரீட்சையை முடிக்கச் சொல்லுங்கள். வர்த்தகப் படிப்பு வீண் போகாது, விலைப்பட்டியலும் இருப்புக் கணக்கும் அவருக்குத்தான் தேவைப்படும். அதன்பின் வேலையைத் தகைமையாக மாற்ற வேண்டும். என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமை 1 முதல் 7 வரை போகிறது. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். படகடியிலேயே பழகியவர் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. முன்கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று இருக்கிறது. தேசிய பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ பதிந்தால், மதிப்பீட்டாளர் அவர் வேலை செய்வதை நேரில் பார்த்துக் கேள்வி கேட்டுத் தரம் வழங்குவார். இன்றிலிருந்தே திருத்திய ஒவ்வொரு எஞ்சினையும் திகதி, பழுது, செய்த வேலை, உரிமையாளர் கையொப்பம் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி, முன்னும் பின்னும் படம் எடுத்து வைக்கட்டும். மதிப்பீட்டு நாளில் அநேகர் தடுமாறுவது வேலையில் அல்ல, செய்த வேலைக்குச் சாட்சி இல்லாததில். முழுநேரமாகப் படிக்க விரும்பினால் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகத்தில் வாகனத் தொழில்நுட்பம் இருக்கிறது. மேலே பட்டம் வரை போக இரத்மலானையில் யுனிவோடெக் எனப்படும் தொழில்சார் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்.

கந்தோர் ஆசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கறை படிந்த கையைப் பார்த்து வீட்டில் முகம் சுளிப்பதை நிறுத்தினால், மகன் உண்மையைச் சொல்லத் தொடங்குவார்.

இணையத்தில் ஒரு ஆளுமைச் சோதனை செய்தேன், நான்கு எழுத்து வந்தது. இரண்டு மாதம் கழித்துச் செய்தால் வேறு எழுத்து. எது நான்?
– கணினிப் பாடநெறி மாணவர், கிண்ணியா

இரண்டுமே அந்தந்த நாள் நீங்கள். அந்த நான்கெழுத்துச் சோதனை ஆட்களை இரண்டிரண்டு பெட்டியாகப் பிரிக்கிறது. கூச்சம் 49 என்றால் ஒரு பெட்டி, 51 என்றால் மற்றப் பெட்டி. நடுவில் நிற்பவர்தான் அதிகம், அதனால் நித்திரை குறைந்த நாளில் செய்தாலே எழுத்து மாறிவிடும். எந்த வேலையில் நன்றாகச் செய்வீர்கள் என்று சொல்லும் வலு அதற்கு இல்லை. பொழுதுபோக்காகச் செய்யலாம், அதை வைத்துப் பாடநெறி தெரிவு செய்ய வேண்டாம்.

தொழிலுக்கென்றே வந்த முறை ஜோன் ஹொலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1959 இல் முன்வைத்தது. வேலைகளையும் ஆட்களையும் அவர் ஆறு நாட்டமாகப் பார்த்தார். பொருளோடு கைவேலை, காரணம் தேடுதல், ஆக்குதல், ஆட்களுக்கு உதவுதல், ஆட்களை நடத்தி விற்றல், ஒழுங்காகப் பதிந்து வைத்தல். ஒருவருக்கு ஒன்று அல்ல, முன்னுக்கு நிற்கும் மூன்று பார்க்கப்படும். இதுவும் விருப்பத்தை மட்டுமே அளக்கிறது, திறமையை அல்ல. அதையும் நினைவில் வையுங்கள்.

இதை நம்மூரில் வைத்துப் பார்த்தால் எளிது. துறைமுகம் ஒன்றுதான், ஆனால் பாரந்தூக்கி ஓட்டுபவர், கடலடியை அளப்பவர், தொழிலாளர் நலன் பார்ப்பவர், சரக்குப் பேரம் பேசும் முகவர், சுங்கப் படிவம் சரிபார்ப்பவர் ஐந்து பேரும் ஐந்து விதம். ஆகவே "துறைமுகத்தில் வேலை பிடிக்குமா" என்பது கேள்வியே அல்ல. கணினியும் அப்படித்தான். நிரல் எழுதுபவர் நாளின் பெரும்பகுதி மற்றவர் எழுதியதில் பிழை தேடுகிறார். இடைமுகம் வடிவமைப்பவர் ஆட்களோடு பேசுகிறார். தரவுத்தளம் பார்ப்பவர் ஒழுங்குபடுத்துகிறார். பயிற்சி நிலையத்தில் இந்த மூன்றில் எந்தப் பயிற்சிக்கு நீங்கள் தவணை கேட்காமல் முடித்துக் கொடுத்தீர்கள்?

இலவசமாக ஒருவரோடு இருந்து பேச வேண்டுமானால் உங்கள் பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். மனிதவலு, வேலைவாய்ப்புத் திணைக்கள உத்தியோகத்தருக்குத் தொழில் வழிகாட்டலும் கடமைதான்.

ஏ.எல். உயிரியல் இரண்டு தரம் எழுதினேன். இசட் புள்ளி மருத்துவத்துக்குக் காணாது. மூன்றாம் தரமும் எழுதவா? விட்டால் "தோற்றுப் போனான்" என்பார்கள்.
– திருகோணமலை நகர்

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கு, தம்பி. மிச்சம் இருப்பது ஒன்று. அதைச் செலவழிப்பதா என்பதை ஊர்வாயை வைத்து அல்ல, விடைத்தாளை வைத்து முடிவெடுங்கள்.

இசட் புள்ளி என்பது ஒரு பாடத்தில் உங்கள் புள்ளி, எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எத்தனை நியம விலகல் (புள்ளிகள் பரவியிருக்கும் அளவு) தள்ளி நிற்கிறது என்ற கணக்கு. மூன்று பாடத்தின் சராசரிதான் உங்களுக்கு வரும். நீங்கள் மட்டும் முன்னேறினால் போதாது, கூட எழுதுபவர்களை விட முன்னேற வேண்டும். அனுமதியில் 40 வீதம் நாடளாவிய தகுதி, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. ஆகவே கொழும்பின் வெட்டுப்புள்ளியை, அதாவது அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளியை, பார்த்துப் பயப்படாமல், நம் மாவட்டத்தின் கடைசி மூன்று ஆண்டு வெட்டுப்புள்ளியோடு உங்கள் இடைவெளியைப் பாருங்கள்.

அடுத்தது, கடந்தகால வினாத்தாள் மூன்றை நேரம் வைத்து எழுதித் திருத்துங்கள். ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து: தெரியாதது 'தெ', தெரிந்தும் கவனக்குறைவால் விட்டது 'க', நேரம் போதாதது 'நே', வினாவைப் பிழையாக விளங்கியது 'வி'. 'க', 'நே', 'வி' மூன்றும் சேர்ந்து பாதிக்கு மேல் என்றால், மூன்றாம் தரத்தில் உயர இடம் இருக்கிறது. ஆறு மாதப் பழக்கத்தில் சரியாகக் கூடியவை அவை. பெரும்பாலும் 'தெ' என்றால், இரண்டு வருடம் படித்தும் ஏன் ஏறவில்லை என்று கேட்க வேண்டும். அந்தப் பாடத்தின் மேல் உண்மையாகவே ஆர்வம் இருக்கிறதா, வெள்ளைக் கோட்டின் மேலா?

அதற்கும் ஒரு சோதனை. வைத்தியர் என்ற பட்டத்தையும் மரியாதையையும் எடுத்துவிட்டால் மிஞ்சும் வேலையை வரிசையாக எழுதுங்கள்: இரவுக் கடமை, புண்ணும் மணமும், ஒரே கேள்வியை 60 பேரிடம் கேட்பது, கையால் குறிப்பு எழுதுவது, கெட்ட செய்தியை வீட்டாரிடம் சொல்வது. இதில் உங்களை இழுப்பது எது? ஆட்களோடு இருப்பது என்றால் தாதியம், இயன்மருத்துவம் கிட்ட வருகின்றன. காரணம் தேடுவது என்றால் மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பம், மருந்தாளர் படிப்பு. நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவப் பட்டம் இருக்கிறது. அதை "இரண்டாம் தரம்" என்று எடுப்பவர் ஐந்து வருடமும் புலம்புவார். மூலிகையிலும் நாடி பார்ப்பதிலும் ஆர்வத்தோடு போகிறவருக்கு அதுவே முதல் தரம். எதற்குப் போனாலும் மூன்றாம் தரத்துக்குப் படித்துக்கொண்டே மற்ற விண்ணப்பங்களையும் போடுங்கள், முடிவுத் திகதிகள் உங்களுக்காகக் காத்திருப்பதில்லை.

29 வயது. தனியார் வங்கி ஒன்றில் ஆறு வருடம். காலையில் எழும்பவே மனமில்லை. வேலையை விட்டுவிட்டு நிலாவெளியில் சிறிய தங்குவிடுதி தொடங்கலாம் என்று யோசிக்கிறேன். இதுதான் என் வழியா?
– நிலாவெளி

உங்களைக் களைப்பாக்குவது எது என்று பிரித்துப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. வேலை, இடம், மேலாள் இந்த மூன்றையும் ஆட்கள் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். இதைக் கேட்டுப் பாருங்கள்: மேலாள் லீவில் நின்ற கிழமை எப்படி இருந்தது? வேறு கிளைக்கு உதவிக்குப் போன நாள்? வாடிக்கையாளர் இல்லாத பின்னேரம் ஐந்தொகை சரிபார்த்த நேரம்? மேலாள் இல்லாத கிழமை லேசாக இருந்தால், நீங்கள் விட வேண்டியது வங்கித் தொழிலை அல்ல, அந்தக் கிளையை. இடமாற்றம் கேட்பது ஒரு விடுதி கட்டுவதை விட மலிவு.

மாதம் முடிய இலக்குக்காகக் கடனட்டை விற்பதுதான் உயிரை வாங்குகிறது என்றால் கவனம். விடுதி நடத்துவதும் விற்பனைதான். விருந்தாளி விலை குறைக்கச் சொல்வார், பதிவு இணையத்தளம் தரகு வெட்டும், நள்ளிரவில் நீர்ப்பம்பி நிற்கும், காலை ஐந்தரைக்குப் புறாத்தீவு படகுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். கடலும் மணலும் விருந்தாளிக்கு. உங்களுக்குப் படுக்கை விரிப்புச் சலவை.

காசுக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். நம் கரையில் சுற்றுலாக் காலம் ஏறக்குறைய மே முதல் செப்ரெம்பர் வரை. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றும் மழையும். வீட்டுச் செலவு மாதம் 80,000 ரூபா என்றால் வருடத்துக்கு 960,000. அதை ஐந்து மாதத்தில் உழைக்க, செலவெல்லாம் போக மாதம் 192,000 ரூபா கையில் நிற்க வேண்டும். இதில் கடன் தவணை இன்னும் சேரவில்லை. வங்கியில் உங்கள் சம்பளத்தின் 8 வீதமும் நிறுவனம் போடும் 12 வீதமும் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது, 3 வீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு. விலகியதும் இந்த 12உம் 3உம் நின்றுவிடும். சேமலாப நிதி பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான் கைக்கு வரும் என்பதால், அதை முதலாக நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

எட்கர் ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1970களில் 'தொழில் நங்கூரம்' என்று ஒரு கருத்தைச் சொன்னார். எதை விட்டுக்கொடுக்க வேண்டி வந்தாலும் ஒருவர் விடாமல் பிடித்திருக்கும் ஒன்று: சிலருக்குப் பாதுகாப்பு, சிலருக்குத் தன்னிச்சை, சிலருக்கு நிபுணத்துவம், சிலருக்குப் புதிதாக ஒன்றை உருவாக்குவது. நங்கூரத்தை விளக்கத் துறைமுகத்து ஆட்களுக்குப் பாடம் வேண்டாம். இதுவரை எடுத்த மூன்று பெரிய முடிவுகளை எழுதுங்கள்: பாடம், முதல் வேலை, மாற்றம் கேட்டதோ மறுத்ததோ. ஒவ்வொன்றிலும் எதை விட மறுத்தீர்கள்? மூன்றிலும் "மாதச் சம்பளம்" என்று வந்தால், விடுதி உங்களை நித்திரை கொள்ள விடாது.

அப்படி வராவிட்டால் வரும் சுற்றுலாக் காலத்தில், வருடாந்த லீவில் தொடர்ச்சியாக 10 நாள் எடுத்து, தெரிந்த விடுதி ஒன்றில் சம்பளம் இல்லாமல் வேலை செய்யுங்கள். வரவேற்பு மேசையில் மட்டும் நிற்காமல், கழிவறை கழுவுவது வரை. இரண்டாம் நாள் எல்லோருக்கும் பிடிக்கும், எட்டாம் நாள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ஆசிரியராக ஆசை. ஆனால் நாலு பேர் முன் பேச நாக்கு ஒட்டிக்கொள்கிறது. என் இயல்புக்கு ஒத்துவராதா?
– குச்சவெளி

நாலு பேர் முன் பேசும் கூச்சம் பழகப் பழகக் குறையும். வகுப்பில் முதல் ஐந்து நிமிடம் நடுங்கிவிட்டு நாற்பது வருடம் படிப்பித்தவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரை ஆறு கிழமைக்கு, கிழமைக்கு இரண்டு நாள், படிப்பியுங்கள். ஒரு பிள்ளை அதே பிழையை நான்காம் தரமும் விடும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா, வேறு வழியில் சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் நாக்கைப் பற்றிக் கவலை வேண்டாம். 40 கொப்பியை ஒரே இரவில் திருத்தியும் பாருங்கள். 27ஆவது கொப்பியில் உண்மை தெரியும். கல்வியியற் கல்லூரியில் கடைசி வருடம் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சிதான், அதற்குள் கூச்சம் கரைந்துவிடும்.

நான் கெட்டிக்காரி என்கிறா அம்மா. சோம்பேறி என்கிறார் அண்ணா. மற்றவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பது பிரயோசனமா?
– சீனன்குடா

பிரயோசனம், கேட்கும் விதம் தெரிந்தால். "நான் எப்படிப்பட்ட ஆள்?" என்று கேட்டால் புகழ்ச்சியோ திட்டோதான் வரும். நமக்குத் தெரியாமல் மற்றவருக்கு மட்டும் தெரியும் பகுதி ஒன்று எல்லோரிடமும் உண்டு என்று 1955 இல் ஜோசப் லஃப்ற், ஹரி இங்கம் இருவரும் நான்கு கட்ட ஜன்னல் போலக் கீறிக் காட்டினார்கள். அந்தக் கட்டத்துக்குள் எட்டிப் பார்க்க ஐந்து பேர் போதும்: வீட்டில் ஒருவர், படிப்பித்த ஒருவர், கூட வேலை செய்த ஒருவர், வயதில் இளையவர் ஒருவர், உங்களோடு ஒரு தரமாவது சண்டை பிடித்த ஒருவர். கடைசி ஆளை விட்டுவிடாதீர்கள்.

எல்லோரிடமும் இதே மூன்றைக் கேளுங்கள். என்ன வேலை என்றால் என்னைக் கூப்பிடுவீர்கள்? என்ன வேலையை எனக்குத் தர மாட்டீர்கள்? நான் நேரம் போவது தெரியாமல் இருந்ததை எப்போது கண்டீர்கள், என்ன செய்துகொண்டிருந்தேன்? பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். மூன்று பேர் ஒரே வேலையைச் சொன்னால் அதற்குக் கோடு போடுங்கள், ஒருவர் மட்டும் சொன்னதை இப்போதைக்கு விடுங்கள். கேட்கும்போது விளக்கம் சொல்லப் போகாதீர்கள். "இல்லை அண்ணா, அன்றைக்கு எனக்குக் காய்ச்சல்" என்று தொடங்கினால், அடுத்த கேள்விக்கு அவர் பொய்தான் சொல்வார்.